தேய்த்த சட்டையோடு வந்தவருக்கு நிறுத்தப்பட்ட சிகிச்சை

அனுப்புநர்
பாலிசிதாரரின் தங்கை,
நூலக உதவியாளர்,
பணிபுரியும் மகளிர் விடுதி.
(இந்த மனு பல மேசைகளைக் கடந்து போகும் என்பதால் அண்ணனின் பெயர், பாலிசி எண், எங்கள் முகவரிகள் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறையில் இணைத்திருக்கிறேன். உறையைத் தாங்கள் மட்டும் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: மனநலத் தொடர்சிகிச்சைக்கான காப்பீடு இருபது நிமிடச் சந்திப்பை வைத்து நிறுத்தப்பட்டது, அதனால் பாலிசிதாரர் வேலையையும் அறையையும் இழந்து தெருவுக்கு வந்தது, நாளை வியாழக்கிழமை அவர் மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்பட இருப்பதால் உடனடி உத்தரவு கோருவது.

பார்வை: காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பாய்வு முடிவுக் கடிதம், பாலிசி விதி 14, உட்பிரிவு 3.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மதிப்பாய்வு நடந்த செவ்வாய்க்கிழமை, நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் முன்னால் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அண்ணனின் முகத்தை மழித்துவிட்டது நான் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒன்பது நாள் அவர் குளிக்கவில்லை என்று சொல்லவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையை அம்மா இரண்டு முறை தேய்த்தார், பொத்தான்களை நான் போட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆறு மாடியும் நாங்கள் படியேறி வந்ததற்குக் காரணம், அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அறுந்து விழும் என்று அண்ணன் நம்பியதுதான் என்று சொல்லவில்லை. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவை மறித்துக் கைகளை விரித்து நின்று, கோப்புகளோடு வந்த ஒரு பெண்ணை அவர் ஏறவிடாமல் தடுத்ததையும், அவரை அங்கிருந்து நகர்த்த எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனதையும் சொல்லவில்லை. அண்ணன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட அவரைப் பற்றி அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. என் பக்கத்துக் குற்றம் இதுதான். இதைக் குறைத்துக்கொள்ள நான் இந்த மனுவில் முயலப் போவதில்லை.

2. அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. பதினொரு ஆண்டு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன், தான் பராமரித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் எல்லாம் விழப்போகின்றன என்ற எண்ணம் அவருக்குள் புகுந்தது. விடுமுறை நாட்களில்கூட அந்தக் கட்டடங்களுக்குப் போய்க் கதவருகே நின்று, வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஏறாதீர்கள் என்று கெஞ்சினார். யாருக்கும் அவர் தீங்கு செய்ததில்லை. அவர் கணக்கில் அவர் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் மாதம் ஒருமுறை போடும் ஊசியைத் தொடங்கினார். அதன்பின் ஓராண்டு, முழுதாகப் பன்னிரண்டு மாதம், எங்களுக்கு அண்ணன் திரும்பக் கிடைத்தார். கட்டடங்களுக்குப் போகாமல் பட்டறையிலேயே மோட்டார் பிரித்துப் பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். திரும்பிப் போன முதல் நாள் உடன்வேலை செய்பவர் ஒருவர், “டாக்டரே ஊசி போட்டுக்கிட்டு வந்துட்டாரு, இனிமே மெஷினெல்லாம் பொழைச்சுக்கும்” என்று கத்தினாராம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தவர் அண்ணன்தான். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே தனி அறை எடுத்துத் தங்கினார். வாடகையை அவரே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கும் எனக்கும் அந்த அறையில் அவரே சமைத்துப் போடுவார். உப்பு எப்போதும் தூக்கலாக இருக்கும், சொன்னால் கோபம் வரும்.

3. பாலிசியின் விதி 14, உட்பிரிவு 3 என்ன சொல்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் தங்கிய பின் தரப்படும் தொடர்சிகிச்சைக்குப் பன்னிரண்டு மாதம் மட்டுமே காப்பீடு, அதன்பின் மதிப்பாய்வு. ஆனால் மதிப்பாய்வு முடியும்வரை சிகிச்சை என்ன ஆகும் என்று அந்த நாற்பத்தாறு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. நீளமான ஆவணங்களைப் படிப்பது எனக்குப் பழக்கம். நான்கு முறை படித்துவிட்டேன். பதின்மூன்றாம் மாதம் ஊசிக்குப் போனபோது மருந்தக ஊழியர் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, “அப்ரூவல் வரலைம்மா, சிஸ்டத்துல பெண்டிங்னு காட்டுது” என்றார். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் பேசினேன். ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஒரே பதில்: “ரிவ்யூ முடிஞ்சாத்தான் மேடம்.” மதிப்பாய்வுக்கு நாள் கொடுக்கவே அவர்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் அண்ணன் எங்கள் கண்முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனார். ஒருவருடைய மருந்தை நிறுத்திவைத்துவிட்டு, அவருக்கு மருந்து தேவையா என்று ஆராய்வது எந்த ஊர் ஆராய்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

4. நாங்கள் செய்த தவறையும் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்ப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்கள் அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் சட்டைகளைத் தேய்த்து அடுக்கியவருக்கு, அலுவலகம் என்றால் என்ன என்று ஓர் எண்ணம் உண்டு. “கசங்கின சட்டையோட போனா நாற்காலி குடுப்பாங்களா? நிக்க வச்சே பேசி அனுப்பிடுவாங்க.” அவர் வாழ்க்கையில் பார்த்தது அது. ஆகவே மதிப்பாய்வுக்கு நாள் குறித்த கடிதம் வந்ததும் அவர் செய்த முதல் வேலை சட்டையை எடுத்ததுதான். நான் செய்தது சவர சாமான் வாங்கியது. சந்திப்பு நாளன்று காலை அண்ணனுக்குச் சவரம் செய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதி முகத்தில் நுரையோடு எழுந்து போய்விட்டார், கூட்டி வந்தேன். நடுவில் ஒரே ஒரு முறை பழைய அண்ணனாகி, “என்னடி, பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டார். அம்மா அதைக் கேட்டு அரை நாள் சந்தோஷமாக இருந்தார்.

நோயாளியை நோயாளியாகவே காட்டவேண்டிய இடத்துக்கு, அவரை மாப்பிள்ளைபோல அலங்கரித்து அழைத்துப் போனோம். மரியாதையாக நடந்துகொண்டால் மரியாதையாக நடத்துவார்கள் என்று நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் பின்வரும் பத்திகளில் எழுதியிருக்கிறேன்.

5. சந்திப்பு பதினொன்று இருபதுக்குத் தொடங்கி பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. மதிப்பீட்டாளர் கடுமையானவர் அல்லர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் ஏன் இப்படி வியர்த்திருக்கிறார் என்று கேட்டார். “படியேறி வந்தோம் சார், அவனுக்கு நடக்கறதுன்னா ரொம்பப் பிடிக்கும்” என்று அம்மா சொன்னார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று கேட்டார். “எல்லாம் நல்லா பண்றான் சார், தங்கமான புள்ள” என்றார் அம்மா. எந்த வீட்டில், எந்தத் தாய், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் மகனைப் பற்றி வேறு விதமாகச் சொல்லுவாள்? கடைசியில் மதிப்பீட்டாளர் புன்னகையோடு, “பாத்தா பேஷண்ட் மாதிரியே தெரியலையே” என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கீழே இறங்கி வரும்போது நான்கு மாடிவரை அதையே திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

6. ஒன்பதாம் நாள் வந்த கடிதத்தில் உள்ள வாசகம் இது: “பாலிசிதாரர் தூய்மையாகவும் நேர்த்தியாகவும் உடையணிந்திருந்தார். முகச்சவரம் செய்திருந்தார். கேள்விகளுக்கு மரியாதையாக விடையளித்தார். நடைப்பயிற்சியில் ஆர்வம் உள்ளவர். ஆறு மாடிகள் படியேறி வந்தார். சுயபராமரிப்புத் திறன் நிறைவாக உள்ளது. தொடர்சிகிச்சைக்கான தேவை நிறுவப்படவில்லை.”

ஐயா, முதல் வாக்கியம் அம்மாவின் உழைப்பு. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது, ‘ம்’, ‘ஆமா சார்’, ‘இல்ல சார்’ என்ற மூன்று விடைகள். நான்காவதும் ஐந்தாவதும் அவருடைய நோய். நோயையே ஆரோக்கியத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறார்கள். மிச்சம் இரண்டும் இந்த ஐந்தின்மேல் கட்டியவை. அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையைக் கேட்கவில்லை. அறையைப் போய்ப் பார்க்கவில்லை. மருத்துவர் தாமாகவே எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் கடிதத்தை, ‘மதிப்பாய்வுக்குப் பின் பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அந்த முத்திரையையும் இணைத்திருக்கிறேன். அழுத்திக் குத்தியிருக்கிறார்கள், நன்றாகப் பதிந்திருக்கிறது.

அழுக்குச் சட்டையும் தாடியுமாக அழைத்துப் போயிருந்தால் வாசல் காவலாளியே உள்ளே விட்டிருக்க மாட்டார். தேய்த்த சட்டையோடு போனதால் மதிப்பீட்டாளர் வெளியே அனுப்பிவிட்டார். எந்தச் சட்டையில் வந்தால் ஒரு மனிதருக்கு வைத்தியம் கிடைக்கும் என்பதை நிறுவனம் எழுத்துமூலம் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

7. முடிவுக் கடிதம் வந்தபின் ஊசியை இரண்டு மாதம் நாங்களே விலைகொடுத்து வாங்கினோம். அதன் விலை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். மூன்றாம் மாதம் முடியவில்லை. பட்டறையில் அண்ணன் பூட்டிய மோட்டார்களையே திரும்பத் திரும்பப் பிரிக்கத் தொடங்கினார். மேற்பார்வையாளர் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்து, பிறகு அதையும் முடித்துவிட்டார். குடியிருந்த கட்டடத்தின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொண்டார். வீடு முழுக்க இரண்டு நாள் தண்ணீர் இல்லை. வீட்டுக்கார அம்மா கெட்டவர் அல்லர். “மூணு மாசம் பொறுத்துக்கிட்டேன் பாப்பா. வாடகைகூடப் பரவால்ல. மத்த வீட்டுக்காரங்க பயப்படுறாங்க, நான் என்ன பண்ண?” என்று சொல்லி அண்ணனின் கருவிப் பையை என் கையில் கொடுத்தார். அறைக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார். பை என் கைக்கு வந்ததற்கு முந்தின நாளே அண்ணன் கிளம்பிவிட்டிருந்தார்.

8. சொந்த அண்ணனை நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். நிறுவனத்தின் தொலைபேசியில் ஒருவர் கேட்டுவிட்டார்: “கூடப் பிறந்தவங்க பாத்துக்கலாமே மேடம், எல்லாத்துக்கும் இன்சூரன்ஸையே நம்பினா எப்படி?” அவருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். அம்மா சலவை நிலையத்தின் பின்கட்டில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் படுக்கிறார். நான் இருக்கும் விடுதியில் ஆண்கள் வாசல் தாண்டக் கூடாது. அண்ணனின் அறை ஒன்றுதான் எங்கள் மூன்று பேருக்கும் வீடு என்று சொல்லக் கூடியதாக இருந்தது. அதை அண்ணன் தன் சம்பளத்தில் வைத்திருந்தார். சம்பளத்தை அந்த ஊசி வைத்திருந்தது. இதைவிட எளிமையாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

9. ஐம்பத்திரண்டு நாள் அவர் தெருவில் இருந்தார். முதல் மூன்று வாரம் எங்கே என்றே தெரியவில்லை. நகரத்தின் இலவசக் காப்பகம் ஒன்றில் விசாரிக்கப் போனேன். அங்கே பதிவேடு எழுதும் அம்மையார் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, “இங்க படுக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமா மடிச்சு வச்சிருக்காங்கம்மா. எல்லாரும் ஒரு காலத்துல வீட்டுச் சாவி வச்சிருந்தவங்கதான்” என்றார். ‘கணக்கு சார்’ என்று அங்கே எல்லோரும் கூப்பிடும் முன்னாள் ஆசிரியர் ஒருவர், நான் நூலகத்தில் வேலை செய்பவள் என்று தெரிந்ததும் தம் சீட்டோடு மடித்து வைத்திருந்த காப்பீட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும்படி கேட்டார். படிக்கத் தெரியாதவர் அல்லர், நம்ப முடியாதவர். அதில் இருந்தது விதி 14, உட்பிரிவு 3. எழுத்துக்கு எழுத்து அண்ணனின் கடிதத்தில் இருந்த அதே கடைசி வாக்கியம். இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தக் காப்பகத்துப் பெஞ்சில்தான்.

அண்ணன் கடைசியில் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் வாசலில் இருந்தார். அங்குள்ள காவலாளி அவரைத் துரத்தவில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். “தினமும் வந்து நிப்பாரும்மா. ஏறாதீங்கன்னு கும்பிடுவார். ஒருத்தர் மேல கை வைக்க மாட்டார்” என்றார். எங்களோடு வர அண்ணன் மறுத்துவிட்டார். தான் நகர்ந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய்ச் சாப்பாடு கொடுத்தேன். ஒரு வியாழக்கிழமை மாலை, குழந்தையோடு ஒருவர் ஏறியபோது, மூடும் கதவுக்கு நடுவே கையை விட்டுவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

10. இனி எழுதப் போவதைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏழு வாரம் காக்கவைத்த அதே நிறுவனம், அன்று மாலை மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்க்க நாற்பது நிமிடத்தில் அனுமதி எண் கொடுத்தது. பாலிசி நடப்பில்தான் இருக்கிறது. அனுமதிக்கப்பட்டது ஆண்டுக்கு இருபத்தொரு நாள். அந்தப் படுக்கையின் ஒரு நாள் கட்டணம், நாங்கள் கேட்ட ஒரு மாத ஊசியின் விலைக்குச் சமம். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவர் வேலையில் இருந்து, வாடகை கொடுத்து, உப்புத் தூக்கலாகச் சமைத்துப் போட்டிருக்கப் போதுமானதை, இருபத்தொரு நாளில் செலவழிக்க அவர்களுக்குச் சம்மதம். ஒருவர் நிற்பதற்குக் காப்பீடு இல்லை, விழுந்தால் உண்டு. அதுவும் எலும்பு முறியும்படி விழுந்தால் விரைவாக உண்டு.

ஊசி மறுபடி போடப்பட்டுள்ளது. மூன்றாம் வாரமான இப்போது அண்ணன் பேசுகிறார். நேற்று என்னிடம் கேட்டது, அறைச் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று. நாளையோடு இருபத்தொரு நாள் நிறைவதால் வெளியே அனுப்புவார்கள் என்று பிரிவுச் செவிலியர் தெரிவித்திருக்கிறார். அடுத்த ஊசிக்கு அனுமதி உண்டா என்று கேட்டதற்கு, மதிப்பாய்வுக்கு விண்ணப்பிக்கும்படி நிறுவனம் சொல்கிறது. விண்ணப்பத்துக்கு முகவரிச் சான்று வேண்டுமாம்.

11. ஆகவே தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு நான் கேட்பவை இவை. மேற்படி மதிப்பாய்வு முடிவை ரத்து செய்து, மாத ஊசியை இடைவெளியின்றித் தொடர உத்தரவிட வேண்டும். தங்க இடம் உறுதியாகும்வரை அண்ணனை வெளியே அனுப்பக் கூடாது என்று நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் மனு கிடைத்தவுடனே தெரிவிக்க வேண்டும். இவை அண்ணனுக்காக.

கணக்கு சாருக்காகவும், பெயர் தெரியாத மற்றவர்களுக்காகவும் கேட்பது: மதிப்பாய்வு நிலுவையில் இருக்கும்போது எந்த மருந்தும் நிறுத்தப்படக் கூடாது, தாமதம் யாருடையதோ செலவும் அவருடையதாக இருக்கட்டும். வைத்தியம் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல், ஒருவருடைய சட்டையையும் முகத்தையும் பார்த்து எந்த முடிவும் எழுதப்படக் கூடாது. மருத்துவமனையில் படுத்தவருக்கு மட்டும் என்றில்லாமல், படுக்காமல் இருப்பதற்கான சிகிச்சைக்கும் காப்பீடு வேண்டும். உள்நோயாளியாக இருக்கும் நாட்களில் அவருடைய வாடகை அறையைக் காப்பாற்றிக் கொடுப்பதையும், வெளியே வந்த முதல் மூன்று மாதம் தங்க இடம் தருவதையும் சிகிச்சையின் பகுதியாக விதியில் சேர்க்க வேண்டும். கூரை இல்லாதவருக்கு மாத ஊசியை யார் நினைவுபடுத்துவது, எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது? முகவரியை முதலில் இழக்க வைத்துவிட்டு, பிறகு அதற்குச் சான்று கேட்பதைச் சட்டம் அனுமதிக்கலாம். தாங்கள் அனுமதிக்கக் கூடாது.

12. எங்கள் வீட்டு விஷயத்தை வெளியாருக்கு எழுதுவது எனக்கு வழக்கமில்லை. என் விடுதியில் இதுவரை யாருக்கும் தெரியாது. மரியாதை கருதி ஒருமுறை வாயை மூடிக்கொண்டதால் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன். ஆகையால் எல்லாவற்றையும் எழுதினேன்.

தங்கள் உத்தரவை நாளை காலையிலேயே எதிர்பார்த்து,

பாலிசிதாரரின் தங்கை
(கையொப்பம்)

இடம்: மகளிர் விடுதி
நாள்: 17ஆம் தேதி, புதன்கிழமை மாலை

இணைப்பு: மதிப்பாய்வு முடிவுக் கடிதம், மருத்துவரின் கடிதம் (முத்திரையுடன்), ஊசி வாங்கிய இரண்டு ரசீதுகள், உள்நோயாளி அனுமதிச் சீட்டு, ஒட்டிய உறை ஒன்று.

கையொப்பமிட்ட பின் சேர்த்தது, 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை:

இந்த மனுவை வியாழக்கிழமை காலை தங்கள் தபால் பிரிவில் நேரில் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தேன். அலுவலகம் திறக்கத் தாமதமானதால் முதலில் மருத்துவமனைக்குப் போனோம். படுக்கையில் வேறொருவர் இருந்தார். மாலை ஆறரை மணிக்குச் சேர்த்த நாளையும் நிறுவனம் முழு நாளாகக் கணக்கிட்டிருக்கிறது. அதன்படி இருபத்தொன்றாம் நாள் புதன்கிழமை. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அண்ணனை வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கோ அம்மாவுக்கோ தகவல் இல்லை. வெளியேறும் படிவத்தில் ‘செல்லும் முகவரி’ என்ற இடத்தில் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையின் முகவரி தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. புதன்கிழமை மாலை அண்ணன் அங்கே போயிருக்கிறார். இப்போது குடியிருப்பவர் கதவைத் திறந்து, தவறான வீடு என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாராம்.

இதை எழுதும்வரை அவர் கிடைக்கவில்லை. அடுத்த ஊசி இன்னும் ஒன்பது நாளில் போடப்பட வேண்டும்.